வெனிஸில் மூன்று இரவுகள்: மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் எது?

கேள்வி: வரும் மே மாதம் நான், என் கணவர், 8 வயது மகன், 68 வயது மாமியார் ஆகிய நால்வரும் இத்தாலி செல்கிறோம். மொத்த பட்ஜெட் ஏழரை லட்சம் ரூபாய். ரோமில் தங்குவதற்கான ஏற்பாடு முடிந்துவிட்டது. அங்கிருந்து ரயிலில் வெனிஸ் போய் மூன்று இரவுகள் தங்கிவிட்டு, வெனிஸ் விமான நிலையத்திலிருந்தே ஊர் திரும்புகிறோம். வெனிஸ் தீவுக்கு வெளியே மெஸ்த்ரேயில் நால்வர் தங்கும் அறை இரவுக்கு 120 யூரோ. தீவுக்குள், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லிஸ்டா டி ஸ்பான்யா தெருவில் 210 யூரோ. ‘ரத்து செய்தால் பணம் திரும்பாது’ என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் இரண்டு இடத்திலும் 10% தள்ளுபடி. காலை உணவு சேர்த்தால் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 40 யூரோ கூடுதல். மெஸ்த்ரேயில் தள்ளுபடியோடு இப்போதே பணம் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் எனக்குத் தயக்கம். விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டில் மொத்தப் பணத்தையும் ஏற்றிக்கொண்டால் போதுமா? டிராவல் ஏஜென்ட் ஒருவர் எல்லாவற்றையும் பேக்கேஜாகத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கணவர் மெஸ்த்ரேயைச் சொன்னதில் தவறில்லை. ‘இப்போதே பணம் கட்டிவிடலாம்’ என்பதுதான் எனக்கு உதைக்கிறது. எனவே அதையே முதலில் பார்த்துவிடுவோம். கணக்குக்காக ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் பணம் செலுத்தும் நாளில் அது கூடுதலாகவே இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

தீவுக்குள் உள்ள அறைக்கு மூன்று இரவுகளுக்கு 630 யூரோ. பணம் திரும்பாத திட்டத்தில் 567. மிச்சம் 63 யூரோ, அதாவது 6,300 ரூபாய். பயணம் நின்றுபோனால் இழப்பு 56,700 ரூபாய். உங்களைப் போன்ற பத்துக் குடும்பங்கள் இந்தத் தள்ளுபடியை எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குடும்பங்களும் சேர்ந்து கட்டுவது 5,670 யூரோ. தள்ளுபடி வேண்டாம் என்று அந்தப் பத்துக் குடும்பங்களும் ரத்து செய்யக்கூடிய அறையை எடுத்து, அதில் ஒரே ஒரு குடும்பம் போக முடியாமல் போனால், மீதி ஒன்பது குடும்பங்கள் கட்டுவதும் 630 வீதம் அதே 5,670 யூரோதான். ஆக, பத்தில் ஒன்றுக்கு மேல் பயணம் தடைபடும் வாய்ப்பிருந்தால் தள்ளுபடி நஷ்டம். மெஸ்த்ரே அறைக்கும் இதே விகிதம்தான்.

உங்கள் விஷயத்தில் அந்த வாய்ப்பு எவ்வளவு? நான்கு பேருக்கும் விசா கிடைக்க வேண்டும். அதற்குள் முழங்கால் வலி கூடக் கூடாது, கணவருக்கு விடுப்பு கிடைக்க வேண்டும், மகனுக்குக் காய்ச்சல் வரக் கூடாது. ஒருவர் நின்றால் நால்வரும் நிற்பீர்கள். என் கணிப்பில் இது பத்தில் ஒன்றைத் தாராளமாகத் தாண்டும். விசாக் கட்டணமே பெரியவர்களுக்குத் தலா 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 45 யூரோ. உங்கள் குடும்பத்துக்கு 315 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. அதோடு ஹோட்டல் பணத்தையும் சேர்த்துப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

ஆகவே ரத்து செய்யக்கூடிய அறையையே பதிவு செய்து, அந்தச் சீட்டை விசா விண்ணப்பத்தோடு இணையுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிலருக்கு 45 நாள்வரை இழுக்கும். விசா கைக்கு வந்த அன்று அதே ஹோட்டலின் விலையை மறுபடி பாருங்கள். தள்ளுபடி அப்போதும் இருந்தால் புதிதாக எடுத்துவிட்டு, உறுதியானதும் பழையதை ரத்து செய்துவிடலாம். ‘இலவச ரத்து’ என்று போட்டிருக்கும் சில பதிவுகளிலும் பணத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்வார்கள். பிறகு திருப்பித் தந்தாலும் அன்றைய மாற்று விகிதத்தில்தான் வரும். உங்கள் கார்டு பிடித்த கட்டணம் போனது போனதுதான். ‘ஹோட்டலில் செலுத்துவது’ என்று தெளிவாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ரத்துக்கான கெடு இத்தாலி நேரப்படி என்பதும் நினைவிருக்கட்டும். மே மாதத்தில் நாம் அவர்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம்.

இப்போது மெஸ்த்ரேயா, தீவா?

மெஸ்த்ரே ஒன்றும் தொலைவில்லை. ரயிலில் பத்து நிமிடம் சொச்சம். பஸ்ஸும் டிராமும் உண்டு. ஒருவருக்கு ஒரு வழிக்கு இரண்டு யூரோவுக்குள் அடங்கும். பலர் பயமுறுத்துவதுபோல் போக்குவரத்துச் செலவில் மிச்சம் கரைந்துபோகாது. இன்னும் சொன்னால், வெனிஸ் படகுகளுக்கான நாள் கணக்குப் பாஸ் எடுப்பவர்களுக்கு அந்தப் பாஸே மெஸ்த்ரே பஸ்ஸிலும் டிராமிலும் செல்லும் (விமான நிலையப் பஸ்ஸில் செல்லாது). பண விஷயத்தில் மட்டும் பார்த்தால் மெஸ்த்ரே 27,000 ரூபாய் லாபம். அதில் ஒளிவுமறைவு இல்லை.

ஆனால் அந்த 27,000 உங்கள் பட்ஜெட்டில் 4 சதவீதம்கூட இல்லை. அதற்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். வெனிஸில் கார், ஆட்டோ, பஸ் எதுவும் உள்ளே வராது. நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். முழங்கால் வலி உள்ள 68 வயதுக்காரர் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மதியம் ஒரு மணிக்குப் படுக்க வேண்டும் என்பார். அறை பக்கத்தில் இருந்தால் இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு மாலை மறுபடி வெளியே வரலாம். மெஸ்த்ரே என்றால் படகு, நிலையம், ரயில், நடை என்று போய்த் திரும்பவே பொழுது போய்விடும். நடைமுறையில் என்ன ஆகும்? ஒருவர் மாமியாரோடு அறையில் தங்கிவிடுவார். ஏழரை லட்சம் செலவழித்துப் போய், பாதிக் குடும்பம் மாலை வெனிஸைப் பார்க்காமல் திரும்பும். வெறும் தம்பதியாக நீங்கள் இருவர் மட்டும் போவதாக இருந்தால் மெஸ்த்ரேக்கே ஓட்டுப் போட்டிருப்பேன். உங்களுக்குத் தீவுதான்.

அதிலும் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் தெரு நல்ல தேர்வு. அழகில் அது வெனிஸின் முதல் வரிசையில் வராது. நினைவுப்பொருள் கடைகளும் சுற்றுலாச் சாப்பாட்டுக் கடைகளும் நெருக்கியடிக்கும். ஆனால் சான்டா லூசியா நிலையத்தின் வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் ஒரு பாலம்கூட ஏறாமல் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். அந்தத் தெருவும் அதை அடுத்த சான் ஜெரேமியா சதுக்கமும் தாண்டிய பிறகுதான் முதல் பாலம் வருகிறது. ‘நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்’ என்று விளம்பரம் செய்யும் சில ஹோட்டல்கள் கால்வாயின் எதிர்க்கரையில் இருக்கும். அங்கே போக ஸ்கால்ட்சி பாலத்தின் படிகளில் பெட்டியைத் தூக்க வேண்டும். வெனிஸ் முகவரிகளில் வட்டாரப் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருப்பது வழக்கம். தெருப் பெயர் இருக்காது. ஆகவே வரைபடத்தில் இடத்தைச் சரிபாருங்கள். லிஃப்ட் இருக்கிறதா, அது உங்கள் அறை இருக்கும் மாடிவரை போகுமா என்று ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் முதல் மாடியில் வரவேற்பறை, அதுவரை வெறும் படி என்பது அங்கே சாதாரணம்.

வாடகைக்கு மேல் வருவது தங்கும் வரி. இது மாநகராட்சிக்குப் போவது. ஹோட்டலின் தரம், இடம், பருவம் பொறுத்து ஒருவருக்கு ஓர் இரவுக்குச் சில யூரோக்கள். 10 வயதுக்குக் குறைந்த உங்கள் மகனுக்குக் கிடையாது. பதிவின்போது காட்டிய விலையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது, ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். சில இடங்களில் ரொக்கமாகத்தான் வேண்டும் என்பார்கள். கையில் கொஞ்சம் சில்லறை யூரோ இருந்தால் வாக்குவாதம் மிச்சம்.

2024 முதல் வெனிஸ் பகல்நேரப் பயணிகளிடம் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறது. 2025இல் முன்பதிவு செய்தவர்களுக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் வருபவர்களுக்கு 10 யூரோ. வெனிஸ் மாநகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. மெஸ்த்ரேயும் அந்த எல்லைக்குள்தான். ஆனால் விலக்கு தானாக வராது. கட்டண நாளாக இருந்தால் மாநகராட்சியின் தளத்தில் பதிந்து க்யூஆர் குறியீடு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று குவார்டோ டால்டினோ போன்ற வெளியூர்களில் ‘வெனிஸ்’ என்ற பெயரோடு விற்கும் ஹோட்டல்களுக்கு இந்த விலக்கு இல்லை.

உண்மையில் மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்கள் வேறு. காலை உணவு முதலாவது. மூன்று நாளில் 120 யூரோ, அதாவது 12,000 ரூபாய்; ரொட்டி, ஜாம், பாலாடைக்கட்டி, முட்டை, பன்றி இறைச்சித் துண்டுகள் என்று வைத்திருப்பார்கள். உங்கள் மாமியார் சைவமாக இருந்தால் அவர் பங்குக்கு ரொட்டியும் பழமும்தான் மிஞ்சும். அதே தெருப் பக்கம் ஏதாவது பாருக்குள் (அங்கே பார் என்றால் காபிக் கடைதான்) போய் நின்றுகொண்டே காபியும் ஒரு கொர்னெட்டோ ரொட்டியும் சாப்பிட்டால் ஒருவருக்கு மூன்று நான்கு யூரோவில் முடியும். உட்கார்ந்தால் விலை வேறு. சான் மார்கோ சதுக்கத்தில் உட்கார்ந்தால் விலை முற்றிலும் வேறு. குடிநீருக்குப் பொதுக் குழாய்கள் ஊரெங்கும் உள்ளன. பாட்டில் கொண்டுபோங்கள்.

அடுத்தது படகு. வபோரெட்டோ எனப்படும் படகுப் பஸ்ஸில் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. நால்வருக்கு ஒரு முறை 38 யூரோ. 48 மணி நேரப் பாஸ் தலா 35, நால்வருக்கு 140. நான்காவது பயணத்திலேயே பாஸ் லாபத்துக்கு வந்துவிடும். மாமியாரை வைத்துக்கொண்டு நீங்கள் நிச்சயம் நான்கு முறைக்கு மேல் ஏறுவீர்கள். பாஸை முதல் முறை காட்டிய நேரத்திலிருந்து மணி ஓடும் என்பதால், வந்து இறங்கும் மாலை அதைத் தொடங்காமல் மறுநாள் காலையில் தொடங்குங்கள்.

திரும்பும் நாளில் பியாட்சாலே ரோமா பஸ் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் பஸ் தலா 10 யூரோ. ரயில் நிலையத்தையும் அந்த பஸ் நிலையத்தையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2008இல் திறக்கப்பட்ட புதுப் பாலம்தான், ஆனாலும் படிகள் உண்டு. பெட்டிகளோடு ஒரு நிறுத்தம் படகில் போய்விடுங்கள். தண்ணீர் டாக்ஸி 100 யூரோவைத் தாண்டும்.

கார்டு விஷயத்தில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஃபாரெக்ஸ் கார்டில் டாலர் அல்ல, யூரோ ஏற்றி அன்றாடச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல் வரவேற்பில் அதை நீட்ட வேண்டாம். அறைக்கு உத்தரவாதமாக ஒரு தொகையை முடக்கி வைக்கும் வழக்கம் உண்டு. கிரெடிட் கார்டில் அது உங்கள் வரம்பைத்தான் தொடும். ஃபாரெக்ஸ் கார்டில் உங்கள் கைப்பணமே முடங்கி, விடுபட நாட்கள் பல ஆகலாம். கிரெடிட் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5% என்றால் அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்து 4.13%. 63,000 ரூபாய் அறைக்கு இது சுமார் 2,600 ரூபாய். இந்தக் கட்டணமே இல்லாத கார்டுகளும் கிடைக்கின்றன. இன்னும் நேரம் இருக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

கட்டணம் செலுத்தும் கருவி ‘ரூபாயிலா, யூரோவிலா?’ என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். ரூபாயில் காட்டும் தொகை தெரிந்த கணக்காக இருப்பதால் ஆறுதலாகத் தோன்றும். மாற்று விகிதத்தில் அவர்கள் தங்கள் லாபத்தை அதற்குள் வைத்துவிட்டார்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

டிராவல் ஏஜென்ட் சொல்லும் பேக்கேஜைப் பற்றி ஒரு வார்த்தை. விமானம், ஹோட்டல் இரண்டையும் சேர்த்து ஒரே பொட்டலமாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். ஹோட்டலை மட்டும் தனியாகப் பதிவு செய்தால் அது பேக்கேஜ் ஆகாது. உங்கள் செலவு மொத்தமும், டிசிஎஸ் பிடிக்காத ஆண்டுக்கு 10 லட்சம் என்ற வரம்புக்குள் அடங்கிவிடும்.

கடைசியாக, போலிகள். இத்தாலியில் 2025 ஜனவரி முதல் சுற்றுலாத் தங்குமிடங்கள் சின் (CIN) எனப்படும் தேசிய அடையாளக் குறியீட்டை விளம்பரத்தில் காட்ட வேண்டும். அது இல்லாத அறையைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் கேட்பது சட்டப்படிதான்; தங்குபவர் விவரத்தைக் காவல் துறைக்கு அனுப்புவது அவர்கள் கடமை. ஆனால் பயணத்துக்குச் சில நாள் முன்பு, ‘உங்கள் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை, 24 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் பணம் கட்டாவிட்டால் அறை ரத்தாகும்’ என்று ஹோட்டலின் பெயரில் செய்தி வந்தால் இணைப்பைத் தொடாமல், ஹோட்டலின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். பதிவு எண்ணும் தங்கும் தேதியும் சரியாக இருக்கிறதே என்பதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. ஹோட்டலின் கணக்கையே களவாடியவர்களுக்கு அந்த விவரங்களும் தெரிந்திருக்கும்.