வாசகர் கேள்வி: சின்ன வீட்டு பிளானுக்கு எந்த சாஃப்ட்வேர்?

கேள்வி: நான் வரையறது எல்லாமே சின்ன வீட்டு பிளான்தான், ஒரு தரைத்தளம், ஒரு எலிவேஷன், ஒரு செக்‌ஷன், அவ்ளோதான். இதுவரை கிராஃப் பேப்பர்ல பென்சிலால ஓட்டிட்டேன். கம்ப்யூட்டர்ல வரையற ஆட்டோகேட் வாங்கலாம்னு பாத்தா வருஷா வருஷம் கட்டணுமாமே. இலவசமா கிடைக்கறத வச்சு ஒப்பேத்த முடியுமா, இல்ல பின்னாடி வருத்தப்படுவேனா?

பதில்: தாராளமா முடியும். ஆனா எதுன்னு சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், வரைஞ்சு முடிச்சதும் அது யார் கைக்குப் போகுது? நேரா மேஸ்திரி கைக்கு பிரிண்டா போகுதுன்னா பிடிஎஃப் போதும், அத எதுல போட்டீங்கன்னு அவர் கேக்கப் போறதே இல்ல. அதே ஃபைலத் திறந்து மேல தூண், பீம் போட ஒரு இன்ஜினியர் இருக்கார்னா கதை வேற, அவர் டிடபிள்யூஜி, அதாவது ஆட்டோகேட்டோட சொந்த ஃபைல் வடிவத்துல கொடுங்கம்பார். இது தெரிஞ்சாலே பாதி குழப்பம் போயிடும்.

பிரிண்ட் மட்டும்தான்னா லிப்ரேகேட் போட்டுப் பாருங்க. இலவசம், ஓப்பன் சோர்ஸ் (அதோட மூலக்குறியீடு எல்லாருக்கும் திறந்திருக்கும்), விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், 2டி மட்டும்தான், உங்களுக்கு வேணுங்கறதும் அதுதான். சுவருக்கு ஒரு கோடு போட்டு சுவர் தடிமன் அளவுக்குத் தள்ளி இணைகோடு எடுத்து மூலைய ட்ரிம் பண்ணி, கதவு ஜன்னல ஒரு தடவ பிளாக்கா (திரும்பத் திரும்ப எடுத்து வைக்கற ஒரே உருவமா) செஞ்சு வச்சுக்கிட்டீங்கன்னா அடுத்த பிளான்ல இருந்து வேலை வேகமா ஓடும். குறைன்னா, அது டிடபிள்யூஜியா சேவ் பண்ணாது, டிஎக்ஸ்எஃப் தான், அது வேற வேற சாஃப்ட்வேருக்கு நடுவுல வரைபடத்த மாத்திக்கற ஃபைல் வடிவம். அடுத்தவங்க கொடுக்கற டிடபிள்யூஜியத் திறக்கறதும் சில சமயம் திறக்கும், சில சமயம் பாதி கோடு காணாமப் போயிருக்கும், அதை நம்பி உக்காராதீங்க. ஒரே ஷீட்ல பிளான 1:100லயும் படிக்கட்டு டீடெயில 1:20லயும் வைக்கறதும் அதுல கொஞ்சம் இழுபறிதான்.

இன்ஜினியர் விஷயத்துக்கு வரேன். டிஎக்ஸ்எஃப்ங்கறதும் ஆட்டோகேட்காரங்க உண்டாக்கினதுதான், 1982ல முதல் ஆட்டோகேட் வந்தப்பவே கூட வந்தது, அதனால நீங்க அனுப்பற டிஎக்ஸ்எஃப் அவர் மெஷின்ல நேராத் திறக்கும். அவர் திருப்பி அனுப்பறப்ப 2007 டிஎக்ஸ்எஃப்ல சேவ் பண்ணிக் கொடுங்கன்னு கேட்டுக்கங்க. அவர் அதுக்கும் நேரமில்லன்னா ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டர்னு இலவசமா ஒண்ணு இருக்கு, டிடபிள்யூஜிய டிஎக்ஸ்எஃப்பா மாத்திக் கொடுக்கும், திருப்பியும் மாத்தும். மாசத்துக்கு ரெண்டு ஃபைல்னா இது போதும். தினமும் இதே பொழப்புன்னா மாத்தி மாத்தி அலுத்துடும், அப்ப கியூகேட் புரொஃபஷனல் வாங்கிடுங்க. லிப்ரேகேட்டே பழைய கியூகேட்ல இருந்து கிளை பிரிஞ்சதுதான், அதனால கை பழகினது வீண் போகாது, டிடபிள்யூஜி திறக்கவும் சேவ் பண்ணவும் முடியும், ஒரு தடவ வாங்கினா உங்களோடதுதான், ஒரு வருஷம் அப்டேட்டும் உண்டு. வாங்கறதுக்கு முன்னாடி ட்ரையல்ல ஓட்டிப் பாக்கலாம், ஆனா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ மூடிக்கும், சேவ் பண்ண மறந்துடாதீங்க. இதுக்கும் மேல பிரிக்ஸ்கேட் மாதிரி ஆட்டோகேட் சாயல்ல உள்ளதும் நிரந்தர லைசென்ஸ்ல கிடைக்குது, உங்க வேலைக்கு அது அதிகம்னுதான் நான் சொல்வேன்.

எத எடுத்தாலும் யூனிட்ட முதல்ல செட் பண்ணுங்க. இது நான் பட்டுத் தெரிஞ்சது. ஒரு தடவ மில்லிமீட்டர்ல வரைஞ்ச பிளான, ஃபைல்ல யூனிட் என்னன்னு குறிக்காமலே அனுப்பிட்டேன், வாங்கினவர் அத இஞ்ச்னு எடுத்துக்கிட்டார், எல்லாமே 25.4 மடங்கு பெருசு, ஒரு மீட்டர் கதவு 25 மீட்டருக்கு மேல போய் நிக்குது. ரெண்டு பேரும் ஃபோன்ல அரை மணி நேரம் அவங்கவங்க அளவுதான் சரின்னு சண்டை போட்டோம்!

அடுத்தது, எப்பவும் நிஜ அளவுலயே வரையுங்க, ஸ்கேல் எல்லாம் பிரிண்ட்ல பாத்துக்கலாம். கிராஃப் பேப்பர்ல இருந்து வரவங்க இங்கதான் தடுமாறுவாங்க. 12 மீட்டர் வீடு 1:100ல 120 மில்லிமீட்டர், ஏ4லயே அடங்கிடும், 1:50ல 240, அதுக்கு டைமென்ஷனோட சேத்து ஏ3 எடுத்துக்கங்க. பிடிஎஃப்ப பிரிண்ட் போடறப்ப "பக்கத்துக்குப் பொருத்து"ங்கற ஆப்ஷன் தானா ஆன்ல இருக்கும், அது கொஞ்சம் சுருக்கிடும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா சைட்ல யாராவது ஸ்கேல் வச்சு அளந்தா தப்பு வரும். நான் ஷீட் மூலையில, பேப்பர்ல சரியா 100 மில்லிமீட்டர் வரணும்ங்கற கணக்குல ஒரு கோடு போட்டு வச்சுடுவேன், பிரிண்ட் வந்ததும் ஸ்கேல வச்சு அதத்தான் முதல்ல அளப்பேன்.

கேள்வி: முன்னாடி ஏதோ ஒரு நல்ல கேட் (கம்ப்யூட்டர்ல வரையற) சாஃப்ட்வேர் சும்மாவே கிடைச்சுதே, இப்ப காணோமே?

பதில்: ட்ராஃப்ட்சைட்டச் சொல்றீங்கன்னு நினைக்கறேன். ஆமா, பல வருஷம் இலவசமா கொடுத்தாங்க, 2019 முடிவோட இலவச பதிப்பு வேலை செய்யறதையே நிறுத்திட்டாங்க, இப்ப காசுக்குத்தான். சும்மா கொடுக்கறதும் ஓப்பன் சோர்ஸும் ஒண்ணில்ல. கம்பெனி சும்மா கொடுக்கறத கம்பெனியே நாளைக்குத் திரும்ப வாங்கிக்கலாம், லிப்ரேகேட்ட அப்படி யாரும் பறிக்க முடியாது. எதுல வரைஞ்சாலும் முடிஞ்ச வேலைக்கு ஒரு டிஎக்ஸ்எஃப் காப்பியும் பிடிஎஃப் காப்பியும் தனியா எடுத்து வைங்க.

கேள்வி: தம்பி காலேஜ்ல படிக்கறான், அவன் ஆட்டோகேட்ட நான் யூஸ் பண்ணிக்கலாமா? ஃப்ரெண்ட் ஒருத்தர் கிராக் பண்ணினது தரேங்கறார்.

பதில்: ரெண்டும் வேணாம். மாணவர் லைசென்ஸ் படிக்க மட்டும்தான், காசு வாங்கற வேலைக்கு இல்ல. கிராக்ல என்னென்ன சேத்து விட்டிருக்காங்கன்னு யாருக்குத் தெரியும், கஸ்டமர் ஃபைல் இருக்கற மெஷின்ல போய் அதப் போடுவாங்களா?

கேள்வி: 3டியும் காட்டணும்ங்கறாங்க. ஸ்கெட்ச்அப்பா, ஃப்ரீகேட்டா?

பதில்: வீடு எப்படி இருக்கும்னு காட்ட மட்டும்னா ஸ்கெட்ச்அப் சீக்கிரம் கைக்கு வரும். ஆனா பிரவுசர்ல ஓடற இலவச பதிப்பு சொந்த உபயோகத்துக்குத்தான், தொழிலுக்கு இல்ல. ஃப்ரீகேட் முழுக்க இலவசம், தொழிலுக்கும் சேத்து, 2024ல 1.0 வந்தப்புறம் நல்லாவே தேறியிருக்கு, சுவர் கதவு ஜன்னல்னு கட்டடத்துக்குன்னே பகுதி இருக்கு. பழக நாளாகும், முதல் வாரம் எரிச்சல் வரும், நாளைக்கே பிளான் கொடுக்கணும்ங்கறவங்க அதுல இறங்காதீங்க.

கேள்வி: என்கிட்ட இருக்கறது பழைய லேப்டாப், புதுசு வாங்கணுமா?

பதில்: 2டிக்கு வேணாம், லிப்ரேகேட் எல்லாம் பழசுலயே நல்லா ஓடும். வாங்கறதுன்னா சக்கரம் வச்ச மவுஸ் ஒண்ணு வாங்குங்க. ஜூம் பண்றது, நகத்தறது எல்லாம் அந்தச் சக்கரத்துலதான், டச்பேட வச்சுக்கிட்டு ஒரு படிக்கட்டு வரையறதுக்குள்ள கழுத்து வலி வந்துடும்.