பழைய ஃப்ளைவீலை லேத்தில் சீவலாமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என்னிடம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 2 ஜிடிஐ 16 வால்வ் கார் இருக்கிறது. தினமும் வேலைக்கு அதில்தான் போகிறேன், எப்போதாவது டிராக்குக்கும் கொண்டுபோவேன். கிளட்ச் மாற்றும்போது லேசான ஃப்ளைவீலும் போடலாமா? பழையதையே லேத்தில் சீவித் தருகிறேன், செலவு மிச்சம் என்கிறார் மெக்கானிக்."

சீவ விடாதீர்கள், தம்பி. மற்றதெல்லாம் அப்புறம்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அழுத்தினால் தாங்கும், இழுத்தால் வளையாது, தெறிக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடும்போது ஃப்ளைவீலின் விளிம்பு மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அதைச் சீவி மெலிதாக்கி, கிளட்ச் சூட்டையும் ஏற்றினால் மயிரிழை விரிசல் விழும். நானே கழற்றிய ஒன்றில் போல்ட் துளைகளைச் சுற்றி அப்படி விரிசல்கள் இருந்தன. உடைந்தால் துண்டுகள் அலுமினியக் கூட்டைக் கிழித்துக்கொண்டு வரும். அதற்குப் பின்னால் இருப்பது உங்கள் கால்.

சரி, லேசானது போட்டால் என்ன கிடைக்கும்? மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி 3 கிலோ குறைந்தால், முதல் கியரில் காரிலிருந்து சுமார் 80 கிலோவை இறக்கியது போல் இருக்கும். ஐந்தாவது கியரில் அதுவே 5, 6 கிலோதான். எடை எங்கே குறைந்தது என்பதே முக்கியம். நடுவில் குறைத்தால் பயன் சொற்பம். "குதிரைத்திறன் கூடிவிட்டது" என்று டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) தாளை நீட்டுவார்கள், நம்பாதீர்கள். எஞ்சின் தன் சக்கரத்தையே சுழற்றச் செலவழிக்கும் சக்தி குறைகிறது, அவ்வளவுதான்.

தினமும் ஓட்டும் காருக்கு முழு எஃகுத் துண்டிலிருந்து கடைந்த ஃப்ளைவீல் போதும், பழையதைவிட எடை கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவாக. அலுமினியம் வேண்டாம். சாட்ஸ்வொர்த் மேட்டில் சிக்னலில் நின்று கிளம்பும்போது எஞ்சின் அணைந்து அணைந்து போகும்.

உங்கள் காரில் ஒரு விசேஷம் உண்டு, அதைக் கவனமாகக் கேளுங்கள். மற்ற கார்களில் ஃப்ளைவீலை கிராங்கில் (எஞ்சினின் சுழல்தண்டில்) பூட்டி, அதன்மேல் பிரஷர் பிளேட்டை, அதாவது கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பாகத்தை, பூட்டுவார்கள். கோல்ஃப் 1, 2-இல் வரும் 020 கியர்பாக்ஸில் எல்லாம் தலைகீழ்: கிராங்கில் பிரஷர் பிளேட், அதற்கு வெளியே ஃப்ளைவீல், கிளட்சைத் தள்ளும் கம்பியோ கியர்பாக்ஸின் நடுவழியே வருகிறது. இது தெரியாத இடைத்தரகர்கள் பிந்தைய கோல்ஃபின் ஃப்ளைவீலை "எல்லாம் ஒன்றுதான்" என்று தலையில் கட்டுவார்கள். உங்கள் கிராங்கில் அது உட்காராது. இன்னொன்று, இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பார்க்கும் குறி இந்த ஃப்ளைவீலில்தான் இருக்கிறது. குறி வெட்டாத சக்கரத்தை வாங்கினால் டைமிங் விளக்கைப் பிடித்துக்கொண்டு வெறும் இரும்பைப் பார்க்க வேண்டியதுதான். வாங்கும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் மட்டும் அனுப்புகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதுபார்ப்பில் பொருத்திய பாகத்துக்கும் கூலிக்கும் 3 மாத உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் திருப்பித் தரவும் வேண்டும். ஆனால் அதை யார் நடைமுறைப்படுத்துகிறார்கள்? ஒரு லேத்தை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் கடை திறக்கலாம். நம் சொந்தக் கார்களுக்கு ரோட்வர்த்தி (சாலைத் தகுதி) சோதனையே கை மாறும்போதுதான், அப்போதும் கியர்பாக்ஸை யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை. எத்தனை வருஷமாகச் சொல்லியும் இது மாறவில்லை. அதனால் ரசீதில் "புதிய எஃகு ஃப்ளைவீல்" என்று எழுதி வாங்குங்கள், பழையதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இன்சூரன்ஸுக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பூட்டும் முன் பிரஷர் பிளேட்டையும் ஃப்ளைவீலையும் சேர்த்து பேலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். கிராங்க் போல்ட்டுகள் புதிதாக இருக்கட்டும், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் உங்கள் கண்முன்னே முறுக்கட்டும்.