களிமண் மனையில் செயற்கைப் புல் விரித்தால் தண்ணீர் வடியுமா?

புது வீட்டின் பின்பக்கம் களிமண், மழை பெய்தால் குளம், மேலே செயற்கைப் புல் விரித்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேறு மறையும், தண்ணீர் போகாது.

விரிப்பின் அடியில் ஓட்டைகள் உண்டுதான், கடையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக்கூடக் காட்டுவார்கள். ஆனால் உங்கள் வீட்டில் அதற்குக் கீழே இருப்பது ஜேசிபி ஏறி இறங்கி இறுகிப்போன களிமண், போதாக்குறைக்குக் கட்டட வேலையில் கொட்டிப் புதைத்த சிமென்ட் கழிவு. முதலில் ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் மண் குடிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் அரையடி மண்ணை எடுத்துவிட்டு, சுவரிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு கொடுங்கள். ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, மேலே 20 மி.மீ. ஜல்லி, தாழ்ந்த ஓரத்தில் ஓட்டை போட்ட பிவிசி குழாய். அந்தத் துணியை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், இல்லாவிட்டால் நாளடைவில் களிமண் மேலேறி ஜல்லி இடுக்குகளை அடைத்துவிடும். குழாயைத் தெரு மழைநீர் வடிகாலுக்கோ, மணல் அடுக்கு வரை இறங்கும் உறை கிணற்றுக்கோ கொண்டுபோங்கள். களிமண்ணுக்குள்ளேயே நிற்கும் குழி ஐப்பசி மழைக்கு ஒரே நாளில் நிரம்பிவிடும்.

அப்புறம், சித்திரை வெயிலில் அந்தப் புல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நானாக இருந்தால் பாதி இடத்துக்குத்தான் விரிப்பேன்.