குளிரில் ஏ.சி. எதற்கு?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ஊட்டிக்குக் காரில் போனோம். குன்னூர் தாண்டியதும் முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து பாதையே தெரியவில்லை. துடைத்தால் மறுபடியும் படிகிறது. ஹீட்டர் மட்டும் போட்டால் போதாதா?
- வாசகர், ஈரோடு

பதில்: போதாது. ஐந்து பேர் விடும் மூச்சும் நனைந்த செருப்பும் வண்டிக்குள் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஹீட்டர் காற்றைச் சூடாக்குமே தவிர, அந்த ஈரத்தை வெளியேற்றாது. அதைச் செய்வது ஏ.சி.தான். காற்று முதலில் டாஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ந்த எவாப்பரேட்டர் (ஏ.சி.யின் குளிர்விக்கும் பகுதி) வழியாகப் போகும்போது ஈரம் நீராகி வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். உலர்ந்த காற்று அடுத்து ஹீட்டர் கோரில் (ஹீட்டரின் சூடான குழாய்த் தொகுதி) சூடேறிக் கண்ணாடிக்கு வரும். ஆகவே இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

முதலில் ரீசர்குலேஷனை (உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும் பொத்தான்) அணைத்து வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். ஆவி விடாமல் படிவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு பொத்தான்தான் காரணம். பிறகு காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, ஏ.சி.யைப் போட்டு, வெப்பத் திருகைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பி, பிளோயரை (காற்று விசிறியை) மூன்றில் வையுங்கள். எஞ்சின் சூடாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் கண்ணாடி தெளியும். அதன்பின் ஒன்றுக்குக் குறைத்துக்கொள்ளலாம். கையால் துடைக்காதீர்கள். விரல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் இரவில் கண்ணைக் கூசும்.

வெளியே 0 டிகிரியை நெருங்கும் அதிகாலையில் பல கார்களில் ஏ.சி.யை இயக்கும் கம்ப்ரஸர் ஓடாது. எவாப்பரேட்டர் உறைந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, பழுதல்ல. அந்தக் குளிரில் வெளிக்காற்றில் ஈரம் மிகக் குறைவு என்பதால், ஹீட்டரும் வெளிக்காற்றுமே போதும்.

மேட்டுப்பாளையம் இறங்கிய பிறகு கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி படிந்தால் கதையே வேறு. குளிர்ந்த கண்ணாடியில் வெளியே உள்ள ஈரம் படிகிறது. வைப்பரை ஒருமுறை ஓடவிட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள்.

கேள்வி: மலை ஏறும்போது ஹீட்டர் நன்றாகச் சுடுகிறது. கோத்தகிரி வழியாக இறங்கும்போது வெறும் குளிர்காற்றுதான் வருகிறது. ஏன்? ஹீட்டர் போட்டால் மைலேஜ் குறையுமா?
- வாசகர், கோவை

பதில்: எஞ்சினைச் சுற்றிவரும் கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தின் சூடுதான் ஹீட்டருக்கு வருகிறது. அது எப்படியும் வீணாகிற சூடு என்பதால் பெட்ரோல், டீசல் காரில் மைலேஜ் குறைவது தெரியவே தெரியாது. மின்சாரக் காரில் பேட்டரியிலிருந்து எடுப்பதால் ஓடும் தூரம் குறையும்.

இறக்கத்தில் வெப்பமானி முள்ளும் நடுவிலிருந்து கீழே இறங்கினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, மாற்றிவிடுங்கள். முள் நடுவிலேயே நிற்க, ஐடிலில் குளிர்ந்தும் ஆக்சிலரேட்டர் மிதித்தால் சூடாகவும் காற்று வந்தால், கூலன்ட் குறைவு அல்லது குழாயில் காற்று அடைப்பு. எஞ்சின் ஆறிய பிறகே தொட்டியைப் பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீய்ச்சும். அடர் கூலன்ட் என்றால் பொதுவாக டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி கலந்து ஊற்றவேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

முன்னிருக்கைக் காலடி விரிப்பு நனைந்திருந்தால் தொட்டுப் பாருங்கள். தெளிந்த நீர் என்றால் ஏ.சி. வடிகுழாய் அடைப்பாக இருக்கலாம். எளிதில் சுத்தம் செய்துவிடலாம். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. அதைத் தள்ளிப்போடாதீர்கள்: கூலன்ட் தீர்ந்தால் எஞ்சினே கெட்டுவிடும்.

கேள்வி: ஊட்டியில் அறை கிடைக்காவிட்டால், ஹீட்டரை ஓடவிட்டுக் காருக்குள் தூங்கலாமா?
- வாசகர், மதுரை

பதில்: வேண்டவே வேண்டாம். நின்ற வண்டியில் எஞ்சின் ஓடினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே புகலாம். நிறமும் மணமும் இல்லாத விஷம் அது. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கி, கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள்.