உளவியல் அளவீடு: கேட்டவர்களுக்குப் பதில்

முதுகலை மாணவி: நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் ஒன்றுதானே ஐயா?

இல்லையம்மா. மறுபடி அளந்தால் ஏறக்குறைய அதே எண் வருகிறதா என்பது நம்பகத்தன்மை. அந்த எண்ணை வைத்து நீங்கள் சொல்லும் முடிவுக்கு ஆதாரம் உண்டா என்பது ஏற்புடைமை.

ஆய்வு மாணவர்: கிரான்பாக் ஆல்ஃபா 0.68 வந்திருக்கிறது. போதுமா?

ஒரு தேர்வின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மை எண் அது. போதுமா என்பதை நெறியாளரைக் கேளுங்கள். எல்லோரும் பிடித்துத் தொங்கும் 0.70, உளவியல் அளவீட்டு நூலாசிரியர் நன்னலி 1978இல் ஆய்வின் தொடக்கக் கட்டத்துக்குச் சொன்னது. தனி மனிதரைப் பற்றி முக்கிய முடிவெடுக்க 0.90 குறைந்தபட்சம் என்றார் அவர். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஒரே கேள்வியைப் பத்து விதமாகத் திருப்பிக் கேட்டாலே ஆல்ஃபா ஏறிவிடும், எச்சரிக்கை.

பள்ளி ஆலோசகர்: ஏற்புடைமை தவறிப்போன தேர்வுக்கு ஓர் உதாரணம்?

அமெரிக்க ராணுவத் தேர்வு. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் உளவியலாளர்கள் சுமார் 17 லட்சம் படைவீரர்களின் நுண்ணறிவை அளந்தார்கள். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஆல்ஃபா தாள் (கிரான்பாக்குக்கும் இதற்கும் உறவில்லை), மற்றவர்களுக்குப் படங்களாலான பீட்டா. ஆல்ஃபாவில் ஒரு வினா: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவா? அது அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பு. பீட்டாவில் டென்னிஸ் மைதானத்தின் படம். விடுபட்ட வலையை வரைய வேண்டும். இத்தாலியின் சிசிலிக் கிராமத்திலிருந்து குடியேறிப் படையில் சேர்ந்தவன் வலையை எங்கே கண்டான்? இந்த மதிப்பெண்களைக் கொண்டுதான் 1923இல் உளவியலாளர் கார்ல் பிரிகாம், தெற்கு, கிழக்கு ஐரோப்பியருக்குப் பிறவியிலேயே அறிவு குறைவு என்று புத்தகம் போட்டார். 1930இல் அது அடிப்படையற்றது என்று அவரே எழுதினார்.

மனிதவள அலுவலர்: ஆனால் அந்த மதிப்பெண், அதிகாரிகள் வீரர்களைப் பற்றித் தந்த மதிப்பீட்டோடு ஒத்துப்போனதே? அப்படியானால் ஏற்புடையதுதான்.

எதற்கு? முகாமில் ஆளைப் பிரித்து அனுப்ப என்றால் வாதாடலாம். பிறவி அறிவைச் சொல்ல என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். பயனைச் சொல்லாமல் ஒரு தேர்வை ஏற்புடையது என்பதே அரைகுறைப் பேச்சு.

அதே அலுவலர்: அப்படிப் பார்த்தால் எந்தத் தேர்வும் தேறாது.

தேறும். உளவியலாளர்கள் கிரான்பாக்கும் பால் மீலும் 1955இல் வழி சொன்னார்கள்: உங்கள் கருத்தாக்கம் உண்மையானால் வேறு எவையெல்லாம் நிகழ வேண்டும் என்று பட்டியலிட்டுச் சோதியுங்கள். பிரிகாமின் தரவிலேயே, அமெரிக்காவில் அதிக ஆண்டுகள் வாழ்ந்தவர்களின் மதிப்பெண் அதிகம். பிறவி அறிவு குடியிருப்புக் காலத்தோடு வளருமா? அவரோ பிந்தி வந்தவர்கள் மட்டமானவர்கள் என்று சமாளித்தார்.

அதே அலுவலர்: மையர்ஸ்–பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வை வைத்து ஆள் எடுக்கலாமா?

கூடாது. வெளியிடும் நிறுவனமே கூடாது என்கிறது.

ஒரு தந்தை: இணையத் தேர்வில் மகனுக்கு நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 84.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மருத்துவ உளவியலாளரை நேரில் பாருங்கள்.

வேறொரு மாணவர்: ஆல்ஃபா 0.71...

மேலே 0.68க்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஆய்வு மாணவி: ஆங்கில வினாத்தொகுப்பைத் தமிழாக்கினேன். மூலத்தின் நம்பகத்தன்மை எண்ணையே எழுதலாமா?

கூடாது. அது அவர்களுடைய மாதிரியில் கிடைத்த மதிப்பெண்களுக்கு உரியது. உங்கள் மாதிரியில் புதிதாகக் கணக்கிடுங்கள். எவ்வளவு வந்தால் போதும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.