பிறந்ததிலிருந்தே கீச் கீச் சத்தம்: ஆஸ்துமாவா டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை மாதம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே மூச்சில் கீச்சென்று சத்தம். மல்லாந்து படுத்தால், பால் குடித்தால், அழுதால் கூடுகிறது. தோளில் போட்டால் குறைகிறது. காய்ச்சல், சளி கிடையாது. பிறந்தபோது 3.1 கிலோ, இப்போது 4.9. நெபுலைசர் வைத்தும் மாற்றமில்லை. மாமியார் மூக்கில் எண்ணெய் விடச் சொல்கிறார். ஆஸ்துமாவாக இருக்குமா?
ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: முதலில் எண்ணெய். வேண்டவே வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும், அது சுலபத்தில் போகாது. மாமியாரிடம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள்.

இனி சத்தம். குழந்தையின் சட்டையைக் கழற்றி வயிற்றில் லேசாகக் கை வையுங்கள். வயிறு எழும்பும்போது சத்தம் வந்தால் மூச்சை உள்ளே இழுக்கும்போது வருகிறது, அதாவது அடைப்பு மேலே, குரல்வளைப் பக்கம். ஆஸ்துமா வீசிங் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும், அதற்குத்தான் நெபுலைசர். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு லாரிங்கோமலேசியா என்றுதான் படுகிறது: குரல்வளையின் மேல்பகுதி இன்னும் திடமாகாமல், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் ஈரக் காகித ஸ்ட்ரா மாதிரி உள்ளே மடங்குகிறது. கைக்குழந்தைகளுக்கு இப்படிச் சத்தம் வர இதுதான் முதல் காரணம். நாலு முதல் எட்டு மாதம் வரை சத்தம் இன்னும் கூடலாம், பயப்படாதீர்கள், பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாகவே போய்விடும்.

ஆனால் கடிதத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்ப்பார். மயக்க மருந்து வேண்டாம், ஓரிரு நிமிட வேலை, பிள்ளை கத்தும், அவ்வளவுதான். அழுகுரல் கரகரப்பாகவோ பலவீனமாகவோ இருந்தால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம் வந்தால், தாடை கழுத்துப் பக்கம் சிவப்பு மச்சம் வளர்ந்தால், பிறந்தவுடன் வென்டிலேட்டரில் இருந்திருந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது, காரணம் வேறாக இருக்கலாம்.

எனக்குச் சத்தத்தைவிட எடைதான் முக்கியம். வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்லது, உங்கள் பெண் அந்தக் கணக்கில்தான் இருக்கிறாள். கிளினிக்கில் கொடுத்த ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் எடைக் கோடு படுத்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். பாலை நிமிர்த்தி வைத்து, இடையிடையே நிறுத்திக் கொடுங்கள். கக்கல் அதிகமிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், எதுக்களிப்பு இதைக் கூட்டும். தோளில் போட்டால் குறைகிறதே என்று குப்புறப் போட்டுத் தூங்கவைக்காதீர்கள், தூக்கம் மல்லாந்துதான். எடை ஏறாத, மூச்சுக்குத் திணறுகிற பத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு மட்டும் மடங்கும் சதையைச் சீர்செய்யும் சின்ன ஆபரேஷன் தேவைப்படும்.

உதடு நீலமாவது, மூச்சு நின்று நின்று வருவது, நெஞ்சுக்குழி ஆழமாக உள்வாங்குவது, பால் குடிக்கவே முடியாமல் போவது, இதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: 10177, செல்போனிலிருந்து என்றால் 112.

இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். ஆல்பர்ட் லுதுலி மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமில்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகும்போது போனில் ஒரு வீடியோ எடுத்துப் போங்கள், சட்டையில்லாமல் நெஞ்சு தெரிய, பால் குடிக்கும்போது ஒன்று, தூங்கும்போது ஒன்று. டாக்டர் முன்னால் இந்தப் பிள்ளைகள் சத்தமே போட மாட்டார்கள்.