கேள்வி-பதில்: சாக்லேட் சுற்றுலாவும் திரும்பி வராத பணமும்

கேள்வி: பள்ளி வசந்தகால விடுமுறையில் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் உள்ள ஒரு சாக்லேட் சுற்றுலாக் கூடத்துக்குச் செல்ல, என் மாமியார் உட்பட ஐந்து பேருக்கு இணையம் வழியாக முன்பதிவு செய்தோம். குழந்தைகளுக்கான சாக்லேட் செய்முறை வகுப்பும் சேர்த்து 1,250 ரேண்ட் கட்டினோம். புறப்படுவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது என் மாமியாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அன்றே மின்னஞ்சல் அனுப்பி ரத்து செய்தோம். "எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற நிபந்தனைக்கு நாங்கள் ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பதில் வந்தது. பணம் போனது போனதுதானா?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: இல்லை. நிறுவனம் தன் நிபந்தனையில் எதை எழுதி வைத்திருந்தாலும், தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தந்துள்ள உரிமையை அதனால் பறிக்க முடியாது. அவ்வாறு பறிக்க முனையும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று அதே சட்டத்தின் 51ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்குக் கைகொடுப்பது 17ஆம் பிரிவு. முன்பதிவை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. நியாயமான ஒரு ரத்துக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. எது நியாயம் என்பதற்கும் சட்டமே அளவுகோல் தருகிறது: எவ்வளவு நாள் முன்னதாகத் தெரிவித்தீர்கள், அந்த இடைவெளியில் முயன்றால் உங்கள் இடத்துக்கு வேறொருவரைச் சேர்த்திருக்க முடியுமா, அந்தத் தொழிலில் பொதுவான வழக்கம் என்ன என்பவை அவற்றுள் முக்கியமானவை. விடுமுறை நாள்களில் இத்தகைய இடங்களுக்குக் கூட்டம் எப்படி வரும் என்பது நமக்குத் தெரியும். ஒன்பது நாள் அவகாசம் இருந்தும் முழுத்தொகையையும் வைத்துக்கொள்வதை நியாயமான கட்டணம் என்று அவர்கள் நிறுவுவது கடினம்.

இதற்கும் மேலாக, யாருக்காக முன்பதிவு செய்யப்பட்டதோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணமே வாங்கக் கூடாது. ஆகவே உங்கள் மாமியாருக்குரிய பங்கை ஒரு காசு குறையாமல் கேளுங்கள். மற்ற நால்வர் விஷயத்தில், குடும்பம் முழுவதற்கும் ஒரே முன்பதிவு என்பதால் அவர்களுக்கும் இவ்விலக்கு பொருந்தும் என்று வாதிடலாம்; ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பது என் கருத்து. மருத்துவமனைச் சேர்க்கைக் கடிதத்தின் நகலை இணைத்து, 17ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, மேலாளருக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசித் தீர்க்க முயல வேண்டாம். பேச்சுக்குச் சாட்சி இல்லை. அதற்கும் மசியவில்லையென்றால் குவாசுலு-நட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

இணையத்தில் வாங்கியதை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்று பலர் நம்புகிறார்கள். மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் தரும் அந்தச் சலுகை, குறிப்பிட்ட தேதிக்குரிய பொழுதுபோக்குச் சேவைகளுக்குப் பொருந்தாது. ரத்து செய்கிறோம் என்று தெரிவிக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டுப் பிறகு பணம் கேட்பவர்களுக்கும் 17ஆம் பிரிவு உதவுவது அரிது. நீங்கள் அன்றே மின்னஞ்சல் அனுப்பியதுதான் இப்போது உங்கள் பலம்.

கேள்வி: புரட்டாசி விரதமும் இந்த விடுமுறையும் ஒன்றாக வருகின்றன. சாக்லேட் சுற்றுலாக் கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: சாதாரண சாக்லேட் கட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். கோக்கோ வெண்ணெய் என்ற பெயரைக் கண்டு தயங்குவோர் உண்டு; அது கோக்கோ விதையிலிருந்தே எடுக்கப்படும் கொழுப்பு. சிக்கலெல்லாம் சாக்லேட்டோடு சேர்ந்து வருபவற்றில்தான் இருக்கிறது. குழந்தைகள் சாக்லேட் ஊற்றில் முக்கித் தின்னும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் ஜெலட்டின் உண்டு. அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. நூகாட் மிட்டாயில் முட்டை வெள்ளைக்கரு சேரும். சிவப்பு நிறத்துக்காகச் சேர்க்கப்படும் E120 என்ற குறியீடுள்ள சேர்க்கைப்பொருள் பூச்சியிலிருந்து வருவது. பளபளப்பான மேல்பூச்சுக்குரிய E904 என்பது அரக்குப் பூச்சி சுரக்கும் பொருள். டிரஃபிள் வகைகள் சிலவற்றில் மதுவும் இருக்கும்.

பொட்டலத்தில் அடைத்து விற்பவற்றில் உள்ளடக்கப் பட்டியல் இருக்கும். அதை வாசித்தால் போதும். கண்ணாடிப் பெட்டிக்குள் உதிரியாக வைத்து எடை போட்டு விற்பவற்றில்தான் தடுமாற்றம். "சைவமா?" என்று மட்டும் கேட்டால், முட்டையைப் பொருட்படுத்தாமல் "ஆம்" என்று சொல்லிவிடக்கூடும். ஜெலட்டின், முட்டை, மது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். செய்முறை வகுப்பில் மார்ஷ்மெல்லோவுக்குப் பதிலாகப் பழத்துண்டுகள் கிடைக்குமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது. அங்கே போன பிறகு பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குவது யாருக்கும் எளிதன்று.

கேள்வி: மிட்லண்ட்ஸ் சாக்லேட் கூடத்தில் வாங்கிய விலை உயர்ந்த சாக்லேட் டர்பன் வந்து சேர்வதற்குள் வெளிறி, மேலே வெள்ளை படிந்துவிட்டது. பழைய சரக்கை விற்றுவிட்டார்களா?
— வாசகர், டொங்காட்

பதில்: அப்படித் தோன்றவில்லை. கோக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் உருகிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிடச் சூடு ஏறும். உருகிய கொழுப்பு மறுபடி இறுகும்போது மேற்பரப்பில் வெண்ணிறமாகப் படிகிறது. விரலால் தேய்த்துப் பாருங்கள்; வழுவழுப்பாக மறைந்தால் அது கொழுப்பு. சொரசொரவென்று நின்றால், ஈரம் பட்டுக் கரைந்து மீண்டும் படிந்த சர்க்கரை. இரண்டுமே பூஞ்சை அல்ல, உண்ணலாம். குறைபாடுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரும் உரிமை சட்டத்தில் இருந்தாலும், வாங்கியவரின் காரில் சாக்லேட் உருகிப்போனதற்குக் கடைக்காரர் பொறுப்பாக மாட்டார். கடையில் எடுக்கும்போதே வெளிறியிருந்தால் மட்டும் வாதாடுங்கள். அடுத்த முறை குளிர்பெட்டி ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். வழியில் உள்ள ஹோவிக் அருவியைப் பார்ப்பதாக இருந்தால் அதைப் போகும்போதே பார்த்துவிட்டு, சாக்லேட்டைக் கடைசியில் வாங்குங்கள்.

கேள்வி: பிறந்தநாளுக்குக் கிடைத்த சாக்லேட் வகுப்புப் பரிசுச்சீட்டில் ஆறு மாதக் கெடு அச்சிடப்பட்டிருந்தது. கெடு கடந்துவிட்டது.
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: பணம் கொடுத்து வாங்கிய பரிசுச்சீட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, முழு மதிப்பும் பயன்படுத்தப்படாதவரை மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், அச்சிட்ட ஆறு மாதக் கெடுவுக்கு மதிப்பில்லை. விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்த சீட்டுக்கு இப்பாதுகாப்பு கிடையாது. ஆகையால் பரிசளித்தவரிடம் ரசீதின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு செல்லுங்கள்.